சட்டத்துக்குள் ஒரு கல்யாணம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, பழைய சாமான் கடை ஒன்றிரண்டில் நுழைந்து வருவது பென்ஷன் வாங்க ஆரம்பித்த நாளிலிருந்து என் வழக்கம். வாங்குவது குறைவு. பீங்கான் சுவிட்சு, எனாமல் தட்டு, செட்டிநாட்டுத் தூண், பிரெஞ்சிந்திய தபால்தலை என்று பார்த்துக்கொண்டே போவேன். 'காஷ்', 'ஃபனோன்' என்று விலை போட்ட தபால்தலைகள் அவை. 24 காஷ் ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். இதைச் சொன்னால் பேரன் சிரிக்கிறான்.

போன மாதம் ஒரு கடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு காகிதத்தை மாட்டியிருந்தார்கள். விலை 1,800.

"என்ன தம்பி இது?"

"ஏதோ பிரெஞ்சு சார். சட்டம் தேக்கு. ரெஸ்டாரண்ட்காரங்க சுவத்துல மாட்ட வாங்குவாங்க."

கண்ணாடியைத் துடைத்துப் படித்தேன். கல்யாணப் பதிவு நகல், 1938. மாப்பிள்ளை, பெண், இரு தரப்புத் தகப்பனார்கள், சாட்சிகள், எல்லாம் பேர் பேராக இருந்தது.

நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் அவகாசம் தந்தார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் தாத்தா எங்கே பிறந்தார், பாட்டி பேர் எப்படி எழுதப்பட்டது என்று காகிதம் தேடி அலைகிறார்கள். எழுத்து ஒன்று மாறிப்போய் வருஷக்கணக்கில் இழுபட்ட சொல்தா வீடுகளை நானறிவேன். அந்தக் காகிதம் காப்பிக் கடைச் சுவருக்குப் போகிறது.

கடைக்காரரைத் திட்டிப் பிரயோஜனமில்லை. காயலான் கடையில் எடை போட்டுக் கொடுத்தது நாம்தான். நூறு வருஷம் தாண்டிய சிலை என்றால் 1972 சட்டம் பதிவு, லைசென்ஸ் என்று கேட்கும். வீட்டுக் காகிதத்தை யார் கேட்பது? என் கருத்து இதுதான்: நாற்காலி, கடிகாரம், கிராமபோன் தாராளமாக விற்கட்டும். பேரும் தேதியும் உள்ள காகிதத்தை மட்டும், விலை எழுதுமுன் பிரெஞ்சு தெரிந்த ஒரு கிழவனிடம் காட்டட்டும். அப்படிப்பட்டவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறோம். காசு வேண்டாம், ஒரு டீ போதும்.

இப்படிப் பேச எனக்கு யோக்கியதை உண்டா என்றால், இல்லை. 1994-இல் வீடு மாறியபோது அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்தவன் நான். "அதுல உங்கப்பா எழுத்தெல்லாம் இருக்கேடா" என்றார் அம்மா. அலமாரி ஏற்ற ஆள் காத்திருந்தான். நான் காதில் வாங்கவில்லை.

அந்தச் சட்டத்தை 1,200-க்குப் பேசி வாங்கிவிட்டேன். மாப்பிள்ளை ஊர் காரைக்கால். அங்கே இருக்கும் பழைய ஆபீஸ் நண்பரிடம் விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். கடைகளுக்கும் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். காகிதக் கட்டைக் கண்டால், சாய்ந்த எழுத்தில் வயலட் மை ஏதும் தெரிகிறதா என்று முதலில் பார்க்கிறேன்.