கைத்தொழிலும் கல்வியே



நம் தோட்டத்து லயன் வீடுகளின் பின்புறம் சென்று பார்ப்போர் கண்ணில் தவறாது படும் காட்சி ஒன்றுண்டு. சங்கிலி அறுந்தவை, இருக்கை கிழிந்தவை, சக்கரம் கோணியவை எனப் பழைய மிதிவண்டிகள் சுவரோரம் சாய்ந்து துருப்பிடித்துக் கிடக்கின்றன. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் ஆறு பெருகிக் கோத்தா திங்கியை மூழ்கடித்ததே, அவ்வெள்ளம் வடிந்தபின் வீதியோரம் குவிந்த பொருள்களுள்ளும் இவற்றைக் கண்டோம். பழைய இரும்பு வாங்குவோர் வரும் நாளில் இவற்றை எடைக்குப் போட்டுவிடுகிறோம். அதே லயத்தில், முழங்கால் நோவினால் கடைக்கும் கோயிலுக்கும் நடக்க இயலாமல் வாசலிலேயே பொழுதைக் கழிக்கும் முதியோரும் இருக்கின்றனர். பயனின்றிக் கிடக்கும் சக்கரத்தையும் பயணம் செய்ய இயலாத காலையும் இணைத்துப் பார்க்க நாம் இதுகாறும் தவறிவிட்டோம்.

இக்குறையை நீக்கும் பொருட்டு, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு கருத்தை முன்வைத்தோம். பழைய மிதிவண்டிப் பாகங்களைக் கொண்டு, மின்கலத்தால் ஓடும் முச்சக்கர வண்டி ஒன்றை நம் பள்ளியிலேயே உருவாக்கலாம் என்பதே அது. பலர் மகிழ்ந்தனர். ஆயினும் தாயார் ஒருவர் எழுந்து, “ஐயா, கத்தி பிடித்த கை எங்களோடு போகட்டும். என் பிள்ளை பேனா பிடிக்கட்டும். அவன் கையில் ஸ்பானரைக் கொடுக்காதீர்கள்” என்றார். அச்சொற்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. பனியிலும் மழையிலும் பால்மரம் வெட்டிய கைகளின் வலி அதில் இருந்தது. அதனை மதித்தே இதனை எழுதுகிறோம்.

முதலில் வரலாற்றை நோக்குவோம். மின்சார வண்டி பெருஞ்செல்வர்களின் தொழிற்சாலையில் பிறந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் பிலாந்தே, மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய ஈய மின்கலத்தைக் கண்டார். 1881ஆம் ஆண்டு ஏப்ரலில் பாரிஸ் நகரில் குஸ்தாவ் துரூவே என்பவர், இங்கிலாந்தில் செய்யப்பட்ட மிதி முச்சக்கர வண்டி ஒன்றில் சிறு மோட்டாரையும் அத்தகைய மின்கலங்களையும் பொருத்தித் தெருவில் ஓட்டிக் காட்டினார். காரல் பென்ஸ் தம் பெட்ரோல் வண்டிக்கு 1886இல் காப்புரிமை பெறுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னதாகவே இது நிகழ்ந்தது. அந்தப் பென்ஸ் வண்டிக்கும் சக்கரம் மூன்றே. அவையும் மிதிவண்டிச் சக்கரம் போன்று கம்பிகள் கோத்தவையே. ஆகவே, மிதிவண்டியில் மோட்டார் பொருத்துவது ஏழையின் விளையாட்டன்று. ஊர்திகளின் வரலாற்றில் அதற்கும் இடமுண்டு.

நம்மவருள் ஒருவரையும் நினைவுகூர்தல் தகும். 1893இல் கோவைக்கு அருகிலுள்ள கலங்கலில் பிறந்த ஜி. டி. நாயுடு, பள்ளிப் படிப்பை இளமையிலேயே கைவிட்டவர். மோட்டார் சைக்கிள் ஒன்றைக் கண்டு வியந்து, அதை வாங்குவதற்காகவே உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்தார். வாங்கியதும் ஏறி ஊர்வலம் வந்தாரில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்து மீண்டும் பூட்டினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டத் தொடங்கிய அவர், 1937இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார். கழற்றிப் பார்த்த கையே பின்னர் படைத்தது.

அண்மைக் காலத்திலும் சான்று உண்டு. மகாராஷ்டிர மாநிலத்துப் பல்டன் என்னும் சிற்றூரிலுள்ள நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில், அனில் ராஜவன்ஷி என்னும் பொறியாளர் 1990களில் தொடங்கி, ரிக்‌ஷா மிதிப்போரின் துயர் குறைக்க மின்சார ரிக்‌ஷாவை வடிவமைத்தார். மனிதனை மனிதன் இழுக்கும் இழிவைக் குறைப்பதற்கு ஒரு சிறு மோட்டார் துணை நிற்கும் என்பதை அம்முயற்சி காட்டிற்று.

இனி, வண்டியைப் பற்றிச் சிறிது கூறுவோம். இரண்டு பழைய மிதிவண்டிகள் இருந்தால் சட்டமும் சக்கரங்களும் கைப்பிடியும் கிடைத்துவிடும். பற்றவைக்கும் வேலை தேர்ந்த பெரியோருடையது. பிள்ளைகள் அதனருகே வருதல் கூடாது. மோட்டார், அதன் கட்டுப்பாட்டுக் கருவி, மின்கலம், உருகி ஆகியவற்றைப் புதிதாக வாங்குவதே நலம். மின்னோட்டம் மிகுந்தால் அறுந்து நம்மைக் காக்கும் உருகியை, மின்கலத்துக்கு மிக அருகிலேயே வைத்தல் வேண்டும்.

வளைவில் திரும்பும்போது வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் உட்சக்கரம் சிறிய வட்டத்திலும் சுழலும். இரண்டையும் ஒரே அச்சில் இறுக்கிவிட்டால் ஒன்றை மற்றொன்று இழுத்துத் தேய்க்கும். ஆதலால் பின்சக்கரம் ஒன்றை மட்டும் மோட்டார் சுழற்ற, மற்றது தன் போக்கில் உருளட்டும். மேலும், ஈருருளி வளைவில் சாய்ந்து கொடுக்கும். முச்சக்கர வண்டி சாயாது. ஆகவே அதன் சக்கரக் கம்பிகள் பக்கவாட்டில் பெருஞ்சுமை தாங்க நேரும். தளர்ந்த கம்பிகளை மாற்றாமல் ஓட்டினால் சக்கரம் மடங்கிவிடும். கனமான மின்கலங்களை இருக்கையின் கீழே தாழ வைத்தால் வண்டி கவிழும் அச்சம் குறையும்.

எத்தனை தொலைவு ஓடும் என்பதை ஐந்தாம் ஆண்டு மாணவனே கணக்கிடுவான். 12 வோல்ட் மின்கலம் இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட். அதன் கொள்ளளவு 12 ஆம்பியர்-மணி எனில், 24ஐ 12ஆல் பெருக்க 288 வாட்-மணி. ஈய மின்கலத்தை முழுவதும் வடித்தால் அது விரைவில் கெடும், பாதியையே செலவிடுவோம். ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 15 வாட்-மணி தேவையெனக் கொண்டால், 144 வாட்-மணியில் சமதரையில் ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் செல்லலாம். தோட்டத்து வாயிலுக்குப் பலமுறை போய்வர இது போதும். மின்னேற்றுவதற்கு அரை அலகு மின்சாரமும் ஆகாது. வாய்ப்பாடு எதற்கு என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை வேறில்லை.

ஆனால் மோட்டாரினும் முதன்மையானது பிரேக். இதனை நாம் பட்டறிந்தோம். இளம் ஆசிரியராயிருந்த நாளில், பழைய காரின் ஸ்டார்ட்டர் மோட்டாரை வைத்து இத்தகைய வண்டி ஒன்றைக் கட்டினோம். சில நொடிகள் மட்டும் சுழலவே அது செய்யப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தோமில்லை. அது புகைந்தது, திரும்பிப் பார்த்தோம், வண்டி மேட்டிலிருந்து இறங்கலாயிற்று. முன்சக்கரத்துத் தேய்ந்த ரப்பர்க் கட்டைகள் அதனை நிறுத்தவில்லை. கால்வாய்தான் நிறுத்திற்று. முழங்காலில் உள்ள தழும்பு இன்றும் நமக்கு ஆசிரியர். ஓடச் செய்வது எளிது, நிற்கச் செய்வதே அறிவு. நாம் கட்டும் வண்டியில் முன்னும் பின்னும் தனித்தனிப் பிரேக்குகளும், பிரேக்கைப் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் விசையும் இன்றி எவரும் ஏறுதல் ஆகாது.

சட்டத்தையும் மதித்தல் வேண்டும். மின் ஸ்கூட்டர் போன்ற சிறு வாகனங்களுக்குச் சாலைகளில் தடை என 2022 ஏப்ரலில் போக்குவரத்து அமைச்சு அறிவித்ததை நினைவிற் கொள்க. நம் வண்டி தோட்டத்து எல்லைக்குள், நிர்வாகத்தின் இசைவோடு, மெல்ல ஓடட்டும். பொதுச் சாலையில் இறக்கும் எண்ணம் வேண்டா.

இப்பொழுது அத்தாயாரின் சொல்லுக்கு வருவோம். அம்மையீர், தங்கள் பிள்ளை பேனா பிடிக்க வேண்டும் என்பதே எம் விருப்பமும். ஆயினும் பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்த காலத்திலும், தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்திலும் நம் மக்கள் பட்டணம் நோக்கிப் போனதைக் கண்டோம். கையில் தொழிலின்றிப் போனவர் பலர், அங்கும் பிறர் ஏவிய வேலையையே செய்ய நேர்ந்தது. தங்களை வருத்தியது கைவேலையன்று; தேர்ந்துகொள்ள வேறொன்றும் இல்லாத நிலையே. அளந்து, வரைந்து, கணக்கிட்டு, பின்னர் ஸ்பானரைத் தொடும் பிள்ளை பேனாவைக் கீழே வைத்தவனல்லன். பேனாவால் எழுதியதைக் கையால் மெய்ப்பித்தவன்.

பெற்றோர்களே! உங்கள் வீட்டின் பின்னால் துருப்பிடிக்கும் மிதிவண்டியைப் பள்ளிக்குக் கொணர்ந்து தாருங்கள். பற்றவைக்கத் தெரிந்தவர் சனிக்கிழமையில் இரண்டு மணி நேரம் உதவுங்கள். மாணவச் செல்வங்களே! முதலில் அளவுகோலையும் நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள். வண்டி முடிந்த அன்று முதலில் அதில் அமரப் போவது தலைமையாசிரியர் அல்லர். நெடுநாளாகக் கோயில் திருவிழாவைக் காண இயலாமல் வாசலிலேயே இருந்துவிட்ட நம் பாட்டியர் ஒருவரே. அவரை அழைத்துச் செல்லும் பெருமை உங்களுடையதாகட்டும்.

உழைப்பு உயர்க! கல்வி ஓங்குக!

— தலைமையாசிரியர்