சைக்கிள்காரரின் பாத்தியதை

2001-இல் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவியருக்கென ஆரம்பித்த இலவச சைக்கிள் திட்டத்தைச் சர்க்காரார் பின்னர் சகல வகுப்பாருக்கும் விஸ்தரித்தனர். நன்று. ஆனால் செண்பகத்தோப்புப் பக்கத்துப் பிள்ளைகள் அச்சைக்கிளில் ஏறி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியே செல்லும் 744-ஆம் எண் நெடுஞ்சாலையை அடைந்தால், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவே உயிரைப் பணயம் வைக்க வேண்டியிருக்கிறது. வண்டியைத் தந்தவர்கள் வழியைத் தர வேண்டாமா?

சட்டம் இல்லையென்று சொல்வதற்கில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 138 (1-ஏ) பிரிவு, பாதசாரிகளுக்கும் யந்திரமில்லா வாகனங்களுக்கும் விதிகள் வகுக்க ராஜ்ய சர்க்கார்களுக்கு அதிகாரமளித்துள்ளது. அவ்விதிகளை ஆறு மாதத்திற்குள் வகுக்குமாறு 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டாரும் உத்தரவிட்டனர்.

விதி ஏட்டில் உறங்கலாகாது. பள்ளிக்கூட மார்க்கங்களில் முதலில் சைக்கிள் பாதை வகுக்க இரு நகரசபைகளும் நெடுஞ்சாலை இலாகாவை வற்புறுத்த வேண்டும். ரஸ்தா ஜனங்களின் பொதுச் சொத்து, மோட்டார்காரரின் ஏகபோகமன்று.