றெக்கை மேலே ஒரு ஹேர்பின் வளைவு

ஏற்காடு டூர் போற எல்லா க்ரூப்லயும் ஒரு 'சயின்டிஸ்ட்' இருப்பான். கரடியூர் வியூ பாயின்ட்ல நிக்கறீங்க. கரடி எதுவும் இல்லை, பயப்படாதீங்க. கண்ணுக்கு நேரா ஒரு பருந்து, றெக்கையை அடிக்காமலே அந்தரத்துல நிக்குது. "எப்படிடா?"ன்னு யாராவது கேட்டாப் போதும். நம்மாளு ஏரோப்ளேன் கதையை அவிழ்த்து விட்டுடுவான்.

"றெக்கைக்கு மேல்பக்கம் வளைவு, கீழ்ப்பக்கம் தட்டை. முன்னாடி ரெண்டாப் பிரியற காற்று பின்னாடி ஒரே நேரத்துல சேரணும். மேலே தூரம் அதிகம், அதனால வேகமா ஓடும். வேகம் கூடினா அழுத்தம் குறையும். பெர்னூலி! ப்ளேன் ஏறிடும்!"

கைதட்டிடாதீங்க பாஸ். மேலே காற்று வேகமாப் போறது நிஜம். அழுத்தம் குறையறதும் நிஜம். அந்த 'ஒரே நேரத்துல சேரணும்' மட்டும் சுத்த டூப்பு. பல புத்தகங்கள்ல அச்சடிச்ச டூப்பு!

சேலத்துல பிரியற ரெண்டு ஃப்ரெண்ட்ஸ்ல ஒருத்தன் இருபது ஹேர்பின் வளைவு ரூட்ல வர்றான், இன்னொருத்தன் குப்பனூர் ரூட்ல வர்றான். ரெண்டு பேரும் ஏரிக்கரையில ஒரே செகண்ட்ல வந்து நிக்கணும்னு சட்டமா? கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹோல்கர் பாபின்ஸ்கி புகையை விட்டுப் படமே பிடிச்சுக் காட்டினார். மேலே போன காற்று முன்னாடியே போய்ச் சேர்ந்துடுது. கீழே வர்றவனுக்காக அது வெயிட் பண்றதே இல்லை.

வைவாவுல நானும் இந்தக் கதையைத்தான் சொன்னேன். எக்ஸ்டர்னல் சிரிச்சுக்கிட்டே, "அப்போ ஏர் ஷோவுல தலைகீழாப் பறக்குதே, அது?"ன்னார். அதோட என் வாய் மூடிடுச்சு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிற பேப்பர் ராக்கெட்டை க்ளாஸ்ல எத்தனை விட்டிருப்பேன்! அப்பகூட உறைக்கலை.

சரி, நிஜக் கதை என்ன? ஏற்காடு பஸ்ல நின்னுக்கிட்டே போங்க, புரிஞ்சிடும். ஹேர்பின்ல பஸ் திரும்பினா மொத்தக் கூட்டமும் வெளிப்பக்கம் சாயுது. அங்கே நெரிசல், உள்பக்கம் காத்தாடும். றெக்கையை ஒட்டி வளையற காற்றுக்கும் இதே கதிதான். வளைவோட வெளிப்பக்கம் அழுத்தம் அதிகம், உள்பக்கம் கம்மி. உள்பக்கம்னா றெக்கையோட முதுகு! காலியான பஸ்ஸைப் பார்த்த கூட்டம் மாதிரி முன்னாடி இருக்கிற காற்று அங்கே பாய்ஞ்சு வரும். வேகம் வந்தது அப்படித்தான்.

இப்படி வளைஞ்ச காற்று, றெக்கையை விட்டுக் கிளம்பறப்ப கீழ்நோக்கிப் போகுது. றெக்கை காற்றைக் கீழே தள்ளுது, காற்று றெக்கையை மேலே தள்ளுது. இது நியூட்டன் கணக்கு. பெர்னூலிக்கும் நியூட்டனுக்கும் சண்டையே கிடையாது, சண்டை மூட்டி விட்டது நாமதான். தலைகீழா இருந்தாலும் பைலட் றெக்கையைச் சரியான கோணத்துல சாய்ச்சுக் காற்றைக் கீழே தள்ளிட்டா ப்ளேன் நிக்கும். ரொம்பச் சாய்ச்சா காற்றால அந்த வளைவை எடுக்க முடியாது, றெக்கையை விட்டுப் பிரிஞ்சிடும். அதுதான் 'ஸ்டால்'.

பஸ் ஜன்னல்ல உள்ளங்கையைச் சாய்ச்சுப் பிடிச்சா இது கையிலயே தெரியும். ஆனா 'கரம், சிரம், புறம் நீட்டாதீர்'னு எழுதியிருக்கு. ஹாஸ்டல் டேபிள் ஃபேன் முன்னாடி ஒரு அட்டையை வெச்சுப் பாருங்க.

செமஸ்டர்ல இந்தக் கேள்வி வந்தா? பெர்னூலியைத் தாராளமா எழுதுங்க. 'ஒரே நேரம்' வரியை மட்டும் அடிச்சிடுங்க.

பருந்து பாக்கி இருக்கே! அது நிஜத்துல காற்றுக்குள்ள மெதுவா இறங்கிட்டுத்தான் இருக்கு. சரிவுல மோதற காற்று அதே வேகத்துல மேலே ஏறுது. மேலே போற எஸ்கலேட்டர்ல கீழ்நோக்கி நடந்து பாருங்க... செக்யூரிட்டி வர்ற வரைக்கும் அதே இடத்துலதான் இருப்பீங்க.