அறுவைக்கு முன் இரத்த அழுத்தம்: தீவுகளில் கவனிக்க வேண்டியது

பெரிய நிக்கோபாரிலுள்ள காம்பெல் விரிகுடாவில் வாழும் ஒருவர் பெரிய அறுவைச் சிகிச்சைக்காக, 2024-ஆம் ஆண்டு வரை போர்ட் பிளேர் எனப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்துக்கு வர நேர்ந்தால், கடலில் 500 கிலோமீட்டருக்கு மேல் கடக்க வேண்டும். கப்பலும் நாள்தோறும் இல்லை. இவ்வளவு தொல்லைப்பட்டு வந்தவரிடம், அறுவை நாளன்று காலையில், இரத்த அழுத்தம் மிகுதி, பிறகு வருக என்று சொல்ல நேர்வது பெருந்துன்பம். இத்துன்பத்தைப் பெரும்பாலும் ஊரிலேயே தடுக்கலாம்.

அழுத்தம் கட்டுப்படாதவர்க்கு மயக்க மருந்து கொடுக்கும்போது, அது சட்டென்று ஏறுவதும் இறங்குவதும் உண்டு. நெடுநாள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளை, இதயம், சிறுநீரகம் ஆகியவை திடீர் இறக்கத்தைத் தாங்கமாட்டா. ஆதலின் அறுவைக்கு முந்தைய இரவில் மாத்திரையை மிகுத்துக் கொடுத்து எண்ணைச் சரிசெய்ய முயல்வது மருத்துவமாகாது. நிதானமாகக் குறைக்க வாரக்கணக்கில் காலம் வேண்டும்.

பிரிட்டனின் மயக்க மருத்துவர் சங்கமும் இரத்த அழுத்தக் கழகமும் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இங்கு நோக்கத்தக்கது. முந்தைய 12 மாதங்களுக்குள் உள்ளூர் மருத்துவரிடம் அழுத்தம் 160/100-க்குக் கீழ் இருந்ததாகக் குறிப்பு இருப்பின், அவசரமற்ற அறுவையை அழுத்தத்தைக் காரணமாக்கித் தள்ளிவைக்க வேண்டுவதில்லை. அத்தகைய குறிப்பு இல்லாதவர்க்கும், மருத்துவமனையில் 180/110-க்குக் கீழ் இருந்தால் அறுவை செய்யலாம். புதிய இடமும் அச்சமும் அளவை உயர்த்திக் காட்டும் என்பதை அறிந்தே இவ்வாறு வகுத்துள்ளனர். எனவே சுகாதார ஊழியரின் குறிப்பேட்டு வரி ஒன்று ஒரு கப்பற் பயணத்தையே காக்கவல்லது. கார் நிக்கோபாரில் நிக்கோபாரியரிடையே நடந்து, 2011-இல் வெளியான ஆய்வில், பரிசோதிக்கப்பட்டவருள் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு உயர் இரத்த அழுத்தம் காணப்பட்டது என்பதையும் ஊழியர் மறத்தலாகாது.

அளக்கும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். நோயாளி ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருக்க, கையின் பருமனுக்கேற்ற பட்டையைக் கட்டி, இரண்டு முறை அளந்து, தேதியுடன் எழுதுக. மலையேறி வந்தவரை வாயிலிலேயே நிறுத்தி அளந்த எண்ணால் பயனில்லை.

அறுவைக்கு முன் உண்ணாதிருக்கச் சொன்னால் மாத்திரையையும் விட்டுவிடுவோர் பலர். அட்டெனலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென நிறுத்தினால் அழுத்தமோ இதயத் துடிப்போ எகிறும். அம்லோடிபினைப் பெரும்பாலும் ஒரு மிடறு நீருடன் தொடரச் சொல்வர். எனலாப்ரில், லோசார்டன் போன்றவற்றை முதல்நாளே நிறுத்தச் சொல்வதுண்டு. முடிவு மயக்க மருத்துவருடையது. ஆயினும் நோயாளி உண்ணும் மருந்து இன்னதென்று தெரிந்தாலன்றோ அவர் முடிவு செய்வார்? ‘வெள்ளை மாத்திரை’ என்னும் விடை அவருக்கு உதவாது. மருந்தின் பெயரையும் அளவையும் பரிந்துரைக் கடிதத்தில் எழுதுதல் ஊழியர் கடன். ஊழியர் வர இயலாத சிற்றூரில், பள்ளி ஆசிரியர் மாத்திரை அட்டையைப் பார்த்துத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் போதும்.

பயணத்துக்கும் மருத்துவமனையில் தங்கும் நாட்களுக்கும் மாத்திரை போதுமா என்று எண்ணிப் பார்த்தே அனுப்புக. மழைக்காலத்தில் கப்பல் தாமதிப்பது தீவுகளில் புதிதன்று.