தங்க வயலின் வானமும் இரவல் பாடநூலும்

1965ஆம் ஆண்டில், கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், வானிலிருந்து வந்த ஒரு செய்தி பதிவாயிற்று. வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களின் தடயத்தை அங்கே வைக்கப்பட்ட கருவிகள் கண்டன. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் இணைந்து நடத்திய ஆய்வு அது. எம். ஜி. கே. மேனன், பி. வி. ஸ்ரீகண்டன் முதலியோர் அக்குழுவில் இருந்தனர். அதே ஆண்டில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் இதே கண்டுபிடிப்பு நிகழ்ந்தது. உலகில் முதன்முதலாக இத்துகள்களைக் கண்ட இடங்கள் இவ்விரண்டுமே. வானிலிருந்து பொழியும் பிற துகள்களைப் பாறை தடுத்துவிடும். நியூட்ரினோ மட்டும் ஊடுருவும். ஆகவே வானத்தை அறிய மண்ணுக்குள் இறங்க வேண்டியிருந்தது. அந்தப் பாறையைக் குடைந்தவர்கள், வடார்க்காட்டிலிருந்தும் அதன் அண்டைப் பகுதிகளிலிருந்தும் வந்த தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள்.

2001ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. இன்று அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் நடுநிலை வகுப்புகளில் பருவங்கள், பிறைகள், ஈர்ப்பு ஆகிய மூன்று வானியல் பாடங்களைப் படிக்கிறார்கள். அந்தப் பாடங்களில் இருக்கும் வானம் எந்த ஊருடையது என்ற கேள்வியைக் கல்விப்புலம் இதுவரை உரக்கக் கேட்டதில்லை. அது தங்க வயலின் வானம் அன்று. இந்தப் பிழையின் விலையைக் கொடுப்பவர்கள் பிள்ளைகள்.

முதலில் பருவங்கள். பூமி சூரியனுக்கு அருகே செல்லும்போது கோடை, விலகும்போது குளிர் என்பது மாணவர்களிடையே மிகப் பரவலான விடை. உண்மையில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்; அப்போது தூரம் ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலை முதல் வாரத்தில், அப்போது 15.2 கோடி கிலோமீட்டர். மார்கழியின் குளிரில்தான் சூரியன் அருகே இருக்கிறது என்ற ஒரு செய்தியே அந்த விடையைத் தகர்த்துவிடும். ஆயினும் விடை நிலைத்து நிற்கிறது. ஏன்? பாடநூல்களில் வழக்கமாக இடம்பெறும் படத்தைப் பார்த்தால் போதும். பூமியின் பாதையைச் சாய்ந்த கோணத்திலிருந்து பார்ப்பதுபோல வரைந்து, அதை ஒரு நீண்ட முட்டையாக்கி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாதையை 20 சென்டிமீட்டர் அகலத்தில் உள்ளபடி வரைந்தால், நீளத்துக்கும் அகலத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு தலைமயிரின் தடிமனைக்கூட எட்டாது. சூரியன் மையத்திலிருந்து இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவாகவே விலகி நிற்கும். முட்டையை வரைந்து கொடுத்துவிட்டு, அருகும் தொலைவும் காரணமென்று பிள்ளை சொன்னால் அதற்குத் தவறென்று குறியிடுவது எவ்வகை நேர்மை?

இதை ஏழைப் பிள்ளைகளின் குறையாகக் காண்போருக்கு ஒரு சான்று நினைவூட்டத் தக்கது. 1987ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆவணப்படத்தில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் இருந்த மாணவர், பழைய மாணவர், ஆசிரியர் என 23 பேரிடம் பருவங்களைப் பற்றியோ பிறைகளைப் பற்றியோ கேட்கப்பட்டது. 21 பேர் தவறாக விளக்கினர். ஆகவே பழுது மாணவரின் அறிவில் இல்லை. கற்பிக்கும் முறையில் இருக்கிறது.

அச்சின் 23.5 பாகைச் சாய்வே காரணம் என்று சரியான விடையைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. ஜூன் 21 அன்று நண்பகல் சூரியன் மிக உயரத்தில் நிற்கும், நிழல் மிகக் குறுகும், அதுவே கோடை என்று தொடரும் விளக்கம், கடகரேகைக்கு வடக்கே இருக்கும் ஊர்களுக்கே பொருந்தும். தங்க வயல் ஏறத்தாழ 13 பாகை வடக்கில் இருக்கிறது. இங்கே சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஆண்டில் இருமுறை: ஏப்ரல் 24 அளவிலும் ஆகஸ்டு 18 அளவிலும். இடைப்பட்ட ஏறத்தாழ நான்கு மாதங்களில் நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் 21 அன்று ஒரு மீட்டர்க் கோலை நட்டால் நண்பகல் நிழல் 18 அல்லது 19 சென்டிமீட்டர் நீளத்தில் தெற்கு நோக்கி விழும். டிசம்பர் 21 அன்று அதே கோலின் நிழல் ஏறத்தாழ 74 சென்டிமீட்டராக வடக்கு நோக்கி நீளும். நிழல் திசைமாறும் ஊரில் வாழும் பிள்ளைக்கு, நிழல் திசைமாறாத ஊரின் பாடம் கற்பிக்கப்படுகிறது. லண்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வேறுபாடு. தங்க வயலில் ஒன்றரை மணி நேரம்தான். ‘கோடையில் பகல் மிக நீளும்’ என்ற வாக்கியத்தின் வலு அங்கே வேறு, இங்கே வேறு. இங்கே வெயில் உச்சம் கொள்வது ஏப்ரலில். ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் மேகமும் வந்து வெம்மையைத் தணித்துவிடுகின்றன. சாய்வோடு காற்றும் மேகமும் சேர்ந்தே இந்நிலத்தின் பருவங்களை ஆக்குகின்றன. அந்த இரண்டாம் பாதியைச் சொல்லாத பாடம் பிள்ளையின் தோலுக்குத் தெரிந்த வெயிலோடு முரண்படுகிறது. முரண்படும்போது பிள்ளை தன் தோலை நம்புவதில்லை, தேர்வை நம்புகிறது.

தமிழ்ப் பாடத்தில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பொழுதுகளை மனப்பாடம் செய்யும் அதே மாணவி, அறிவியல் பாடத்தில் இலையுதிர்காலத்தையும் வசந்தத்தையும் மனப்பாடம் செய்கிறாள். இரண்டும் ஒரே பூமியின் ஒரே சாய்விலிருந்து பிறந்தவை என்று இணைத்துச் சொல்வார் அரிது.

இதைச் சொன்னவுடன், முன்னோர் எல்லாம் அறிந்திருந்தனர் என்று முழங்குவோர் மகிழ வேண்டியதில்லை. கோலின் நிழல் அவர்களையும் விசாரிக்கும். உத்தராயணம் தை முதல் நாளில் தொடங்குகிறது என்பது வழக்கு. நண்பகல் நிழல் மிக நீண்டு, பின் குறையத் தொடங்குவதோ டிசம்பர் 21, 22ஆம் நாள்களில். பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றும் அசைவால் நூற்றாண்டுகள் சேர்த்த இடைவெளி அது. இன்று மூன்று வாரங்களைத் தாண்டிவிட்டது. பாடநூலையும் பஞ்சாங்கத்தையும் ஒரே நடுநிலையோடு சோதிக்கும் கருவி ஒரு கோல். அந்தச் சோதனையைப் பிள்ளையின் கையில் கொடுப்பதற்குப் பெயர்தான் அறிவியல் கல்வி.

இரண்டாவது, பிறைகள். பூமியின் நிழல் விழுவதால் நிலவு தேய்கிறது என்பது இங்கே வேரூன்றிய பிழை. இதைத் தகர்க்கத் தொலைநோக்கி வேண்டாம். வளர்பிறை அட்டமியன்று மாலை ஐந்து மணிக்குச் சூரியன் மேற்கே இருக்கிறது. அரைநிலவு வானில் உயர்ந்து நிற்கிறது. பூமியின் நிழல் எப்போதும் சூரியனுக்கு நேர் எதிரே விழும். அவ்வேளையில் அது கிழக்கு அடிவானத்துக்குக் கீழே கிடக்கும். அது எப்படி மேலே நிற்கும் நிலவை மறைக்கும்? தேய்பிறையின் முதல் வாரத்தில் காலை இறைவணக்கத்துக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு மேற்கு வானில் வெளிறிய நிலவு தெரியும். ஒரே நேரத்தில் சூரியனும் நிலவும் வானில் நிற்க, நிலவின் ஒளிர்ந்த பக்கம் சூரியனை நோக்கியிருப்பதைச் சுட்டிக்காட்ட ஒரு நிமிடம் போதும்.

இங்கும் படமே முதற்குற்றவாளி. பூமியை 10 சென்டிமீட்டர்ப் பந்தாகக் கொண்டால், நிலவு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த உருண்டை. அது நிற்க வேண்டிய இடம் மூன்று மீட்டர் தள்ளி. பாடப்படத்தில் இரண்டும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. உரசி நிற்கும் இரண்டைக் கண்ட பிள்ளை ஒன்றின் நிழல் மற்றொன்றின் மேல் விழும் என்று கருதுவது தருக்கத்துக்கு உட்பட்டதே. தங்க வயலில் சித்ரா பௌர்ணமி வருகிறது. ரமலான் பிறை பார்க்கப்படுகிறது. மார்ச் 21க்குப் பின் வரும் முழுநிலவைக் கொண்டு கணிக்கப்படும் ஈஸ்டரும் கொண்டாடப்படுகிறது. மூன்று சமயத்தாரும் நிலவை எண்ணும் ஊரில், நிலவு ஒரு மனப்பாடப் பட்டியலாக மட்டும் வகுப்பறைக்குள் நுழைகிறது.

மூன்றாவது, ஈர்ப்பு. விண்வெளியில் ஈர்ப்பு இல்லை, அதனால் விண்வெளி வீரர்கள் மிதக்கிறார்கள் என்று பெரியவர்களும் சொல்வதுண்டு. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு தரையில் உள்ளதில் ஏறத்தாழ 90 விழுக்காடு. நிலையமும் வீரர்களும் ஓயாமல் சேர்ந்து விழுந்துகொண்டே பூமியைச் சுற்றுவதால்தான் எடை உணரப்படுவதில்லை. இதை விளக்கத் தங்க வயலைவிடத் தகுந்த ஊர் எது? சுரங்கக் கூண்டு வேகமெடுத்துக் கீழிறங்கத் தொடங்கும் கணத்தில் உடல் லேசாகி வயிறு மேலெழும்பும் உணர்வை, தினந்தோறும் இறங்கிய தாத்தாக்கள் அறிவார்கள். எடையின்மையின் முதற்படி அதுதான். வகுப்பறை அந்தத் தாத்தாவை ஒருநாளும் அழைத்ததில்லை.

இன்னொன்றும் உண்டு. பூமிக்குள் இறங்க இறங்க ஈர்ப்பு குறையும் என்று மேல்வகுப்புச் சூத்திரம் சொல்கிறது. பூமி முழுதும் ஒரே அடர்த்தி உடையது என்ற எளிமைப்படுத்தலின்மீது நிற்கும் சூத்திரம் அது. அதன்படி தங்க வயலின் 3.2 கிலோமீட்டர் ஆழத்தில் ஈர்ப்பு இரண்டாயிரத்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். உண்மை நேர்மாறானது. பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் ஐந்தரை மடங்கு. மேலோட்டுப் பாறையின் அடர்த்தி மூன்று மடங்குதான். ஆகவே இறங்குபவர் விட்டுவரும் பாறை இலேசானது. நெருங்கிச் செல்லும் உள்ளகமோ கனமானது. கணக்கிட்டால் அந்த ஆழத்தில் ஈர்ப்பு ஏறத்தாழ ஐயாயிரத்தில் ஒரு பங்கு கூடுகிறது. 1854ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஏரி இங்கிலாந்தின் ஹார்ட்டன் நிலக்கரிச் சுரங்கத்தில் ஊசலை இறக்கி இத்தகைய கூடுதலை அளந்தார். அடியில் இருந்த ஊசல் நாளொன்றுக்கு இரண்டேகால் விநாடி முந்தியது. அதைவிடப் பல மடங்கு ஆழமான சுரங்கத்தின் பிள்ளைகளுக்கு, தம் ஊரே மறுக்கும் சூத்திரம் எந்த எச்சரிக்கையுமின்றிக் கற்பிக்கப்படுகிறது.

எதிர்வாதங்கள் இல்லாமலில்லை. நடுநிலை வகுப்புக்கு வானியல் சுமை என்பது ஒன்று. அந்த வாதத்தின் பெயரால்தான் 2022ஆம் ஆண்டில் தேசியக் கல்வி ஆராய்ச்சிப் பயிற்சிக் குழு, எட்டாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து விண்மீன்களும் சூரியக் குடும்பமும் பற்றிய இயலை நீக்கியது. பத்தாம் வகுப்பில் பரிணாமம் நீக்கப்பட்டபோது எழுந்த குரல் இதற்கு எழவில்லை. 2025ஆம் ஆண்டின் புதிய நூல்களில் நிலவும் நாட்காட்டியும் திரும்பி வந்திருக்கின்றன, வரவேற்கத் தக்கது. ஆனால் நாடு முழுமைக்குமான ஒரு நூல், 13 பாகையின் நிழலையும் 28 பாகையின் நிழலையும் ஒரே பக்கத்தில் சொல்லிவிட முடியாது. அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியவர்கள் அருகிலிருக்கும் பல்கலைக்கழகத்தார். கருவியில்லை, கோளரங்கமில்லை என்பது இரண்டாவது வாதம். கோலுக்கும் சுண்ணக்கட்டிக்கும் நிதிநிலை அறிக்கை தேவையில்லை. உள்ளூர் எடுத்துக்காட்டுகள் தரத்தைக் குறைக்கும் என்பது மூன்றாவது. இதுவே மிக நச்சானது. தங்க வயலின் நிழலைக் கணிக்க அகலாங்கும் சாய்வும் சேர்ந்த கணக்கு வேண்டும். அது பாடநூலின் விடையைவிடக் கடினமானது; தரம் உயர்கிறதே தவிரத் தாழவில்லை.

செய்ய வேண்டியவை சில. தங்க வயலின் ஒவ்வொரு பள்ளி முற்றத்திலும் ஒரு மீட்டர்க் கோல் நடப்பட்டு, வாரம் ஒருமுறை நண்பகல் நிழலின் முனை குறிக்கப்பட வேண்டும். இவ்வூரின் நண்பகல் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு வருவதில்லை. ஏப்ரல் இறுதியில் 12.15 அளவில் வருகிறது. ஏன் என்ற கேள்வியே தீர்க்காங்குப் பாடமாகும். ஆகஸ்டில் மேகம் மறைக்கக்கூடும். ஏப்ரல் பெரும்பாலும் ஏமாற்றாது. ஒரு மாதம் நிலவை நாளும் வரைந்த குறிப்பேட்டுக்கு மதிப்பெண் தரப்பட வேண்டும். சுரங்கத்தில் இறங்கியவர்களின் அனுபவம் ஈர்ப்புப் பாடத்தின் பகுதியாகப் பதிவாக வேண்டும். அவர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது. இவற்றைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் சிறு கையேடாக எழுதித் தருவது, இவ்வூரின் ஆழத்தால் புகழ்பெற்ற ஆய்வுலகம் இவ்வூருக்குச் செலுத்த வேண்டிய கடன்.

மரிக்குப்பத்திலிருந்து விடியலில் பெங்களூருக்கு ரயிலேறும் தலைமுறைக்கு, அறிவு என்பது வேறெங்கோ விளைந்து தமக்குப் பங்கிடப்படும் பொருள் என்ற பாடமே வாழ்நாளெல்லாம் கற்பிக்கப்பட்டிருக்கிறது. பிள்ளைகளின் தவறான கருத்துகளைப் பட்டியலிட்டு ஆய்வேடு எழுதுவது எளிது. அந்தப் பட்டியலில் பாடநூலின் படங்களையும், அவற்றைத் திருத்தாமல் கடந்துபோன கல்விப்புலத்தின் அலட்சியத்தையும் முதல் இரண்டு வரிகளாகச் சேர்த்த பிறகே, பிள்ளையின் பெயரை எழுத எவருக்கும் உரிமை உண்டு.