நாடு கடந்து செய்யும் தொண்டு

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் வாக்கு. கொடுக்கும்போது கணக்குப் பார்ப்பது கருமித்தனம் அன்று. யாருக்காகக் கொடுக்கிறோமோ அவருக்கு அது முழுமையாகப் போய்ச் சேரவேண்டும் என்ற அக்கறையே அது. பணத்துக்குப் பொருந்தும் இவ்வறிவுரை, உடலுழைப்பாகச் செய்யும் தொண்டுக்கும் பொருந்தும் என்பதே என் கருத்து.

அமெரிக்கா போன்ற செல்வ நாடுகளில், கோவிலைச் சேர்ந்த இளைஞரும் பெரியோரும் குழுவாகக் கூடி, ஏழை நாடொன்றுக்குச் சென்று, ஒரு வாரமோ பத்து நாளோ தங்கி வீடு கட்டிக் கொடுத்துத் திரும்பும் வழக்கம் பரவியுள்ளது. வசதியான வீட்டுப் பிள்ளைகள் மண் சுமக்கிறார்கள். சிமெண்டுக் கலவை குழைக்கிறார்கள். சுவருக்கு வர்ணம் பூசுகிறார்கள். விடுமுறையை வீணாக்காமல் பிறருக்காக வியர்வை சிந்தும் அவர்களுடைய நல்லெண்ணத்தை யார்தான் குறை கூற முடியும்? ஆயினும் நல்லெண்ணம் வேறு, நற்பயன் வேறு.

மத்திய அமெரிக்காவிலுள்ள ஹோண்டுராஸ் ஒரு சிறிய நாடு. 1998 அக்டோபர் இறுதியில் 'மிட்ச்' என்னும் சூறாவளி அந்நாட்டைச் சூறையாடியது. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைச்சரிவுகள் இடிந்து வீழ்ந்தன. வாழைத் தோட்டங்கள் அழிந்தன. அவற்றை நம்பியிருந்த தொழிலாளர் பலர் வேலையையும் இழந்தனர். அவர்களுக்கு வீடு கட்டித்தர வட அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவக் குழுக்கள் பல விரைந்து வந்தன.

அந்நாட்டிலேயே நெடுங்காலம் வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற பேராசிரியர் இப்பணியை ஆராய்ந்து 2006-ல் தம் முடிவுகளை வெளியிட்டார். விமானக் கட்டணமும் சேர்த்து, வெளிநாட்டுக் குழு கட்டிய வீட்டுக்கு ஆன செலவு சராசரியாக ஏறத்தாழ 30,000 டாலர். உள்நாட்டுக் கிறிஸ்தவ அமைப்பு கட்டிய வீட்டுக்கு ஆனதோ ஏறத்தாழ 2,000 டாலர்தான்! ஒரு வீட்டின் செலவில் பதினைந்து வீடுகள் எழுந்திருக்கலாம். பதினைந்து குடும்பங்கள் கூரையின்கீழ் உறங்கியிருக்கலாம். வேலையின்றி நின்ற உள்ளூர்க் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் கூலி கிடைத்திருக்கும். வீடு யார் கையால் எழுந்தது என்பதால், அதில் குடியேறியவர் வாழ்வில் குறிப்பிடத்தக்க வேற்றுமை எதுவும் காணப்படவில்லை என்பதும் அவ்வாய்வின் முடிவு.

"நேரில் சென்று பார்த்தால்தானே மனம் இளகும்? இளகிய மனம்தானே பின்னர் வாரிக் கொடுக்கும்?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஊர் திரும்பியவர்களையும் அப்பேராசிரியர் விசாரித்தார். பெரும்பாலோரிடம் நிலைத்த மாறுதல் மிகக் குறைவாகவே இருந்தது. விதைத்தால் மட்டும் போதாது, நீரும் பாய்ச்ச வேண்டும் அன்றோ? திரும்பி வந்தபின் தொடர்ந்த வழிகாட்டுதல் இல்லையேல், பார்த்ததும் அழுததும் புகைப்பட ஆல்பத்தோடு முடிந்துவிடும்.

இதை முன்பே எச்சரித்தவர் ஒரு கத்தோலிக்கக் குரு. மெக்சிகோ நாட்டில் பணியாற்றிய இவான் இல்லிச், விடுமுறைத் தொண்டுக்காக அங்கு வரவிருந்த அமெரிக்க மாணவர்களிடம் 1968-ல் கடுமையாகவே பேசினார். பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள். ஆனால் உதவி செய்யவென்று வராதீர்கள் என்பதே அவர் உரையின் சாரம். மொழியும் வாழ்க்கை முறையும் அறியாமல் வருபவர், தம்மையறியாமலே அம்மக்களைத் தாழ்த்திவிடுவர் என்று அவர் அஞ்சினார்.

ஆண்டவர் எழுபத்திரண்டு சீடரை ஊர்களுக்கு அனுப்பிய நிகழ்ச்சியை லூக்கா நற்செய்தியில் காண்கிறோம். பணப்பையோ மூட்டையோ கொண்டு போகக்கூடாது, வரவேற்கும் வீட்டிலே தங்கிக் கொடுப்பதை உண்ணவேண்டும் என்பது அவர் கட்டளை. சீடர்கள் வள்ளல்களாகச் செல்லவில்லை. கை நீட்டிப் பெற்றுக்கொள்ளும் விருந்தினராகவே சென்றார்கள். தொண்டு செய்யப் புறப்படுவோர் முதலில் கற்க வேண்டிய பாடம் இதுவன்றோ?

அப்படியாயின் யாரும் எங்கும் போகவேண்டாமா? போகலாம். அந்த ஊரார் அழைத்தபின் போகலாம். உள்ளூர்க் கொத்தனாரை மேஸ்திரியாக ஏற்று, அவருக்கு உரிய கூலி கொடுத்து, அவருக்குக் கையாளாக நின்று உழைக்கலாம். அவர்கள் மொழியில் நாலு சொல்லாவது கற்கலாம். வீட்டுக்கென்று திரட்டிய பணம் வீட்டுக்கும், பயணத்துக்கான பணம் பயணத்துக்கும் என்று இரண்டையும் பிரித்து நேர்மையாகக் கணக்குச் சொல்லலாம்.

சகோதரிகளே, இது வெளிநாட்டாருக்கு மட்டும் உரிய செய்தி அன்று. மேல்நிலை வகுப்புகளில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் சேருவோர் 7 நாள் முகாமுக்குக் கிராமம் செல்கிறோம். செல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். இவ்வேலை வேண்டுமென்று ஊரார் கேட்டார்களா? நாம் செய்வதால் அங்கே யாருடைய கூலியாவது போகிறதா? நாம் திரும்பியபின் இதை யார் பேணுவார்? இவற்றுக்கு விடை தேடிக்கொண்டு மண்வெட்டியைத் தூக்குவோமானால், நம் வியர்வையில் ஒரு துளியும் வீணாகாது. அளந்து போடுவோம், அன்போடு போடுவோம்!