ஊக்கியது எந்த உலோகம்?

புட்டியின் மேல் 99.99 சதவீதம் தூய்மை என்று அச்சிட்டிருந்தால் நமக்குத் துணிவு வந்துவிடுகிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மூலக்கூறு எடை 500 உள்ள ஒரு கோபால்ட் அணைவுச் சேர்மத்தை, ஒரு மில்லிமோல் வினைபடுபொருளுக்கு 5 மோல் சதவீதம் சேர்க்கிறோம்; அதாவது 25 மில்லிகிராம். எஞ்சிய 0.01 சதவீதமும் பல்லேடியமாக இருந்துவிட்டால் அது 2.5 மைக்ரோகிராம், சுமார் 0.0024 மோல் சதவீதம். சுசூகி இணைப்பு வினை 90 சதவீத விளைச்சலோடு முடிய, அந்தப் பல்லேடியம் அணு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 38,000 முறை சுற்றிவந்தால் போதும். பல்லேடியத்துக்கு அது எட்டாத எண் அல்ல. கோபால்ட்தான் வேலை செய்தது என்றால் அணுவுக்கு வெறும் 18 சுற்று. குடுவையிலிருந்து கிடைப்பது இரண்டு கதைகளிலும் ஒரே விளைபொருள், ஒரே நிறமாலை. எது உண்மை என்று விளைச்சல் சதவீதத்தால் சொல்லவே முடியாது. ஆனாலும் மலிவான உலோகத்தைக் கொண்டு வினையூக்கம் செய்ததாக அறிவிக்கும் கட்டுரைகளில் பெரும்பாலும் அந்தச் சதவீதம் ஒன்றே சாட்சியாக நிற்கிறது. கட்டுரையின் தலைப்பில் ஓர் உலோகத்தின் பெயரைப் போடுபவர், அந்த உலோகமே வினையை ஊக்கியது என்பதைத் தனியாக நிறுவ வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு.

இது கற்பனைப் பயம் அல்ல. 2003இல் லெட்பீட்டர் குழு, இடைநிலை உலோகம் எதுவும் இல்லாமல் நீரில், நுண்ணலை வெப்பத்தில் சுசூகி வகை இணைப்பு நடப்பதாக அறிவித்தது. 2005இல் அதே குழு தன் முடிவைத் தானே மறுபரிசீலனை செய்தது: கடையில் வாங்கிய சோடியம் கார்பனேட்டில் நூறு கோடியில் 50 பங்கு என்ற அளவில் ஒளிந்திருந்த பல்லேடியமே காரணம். ஃபெரிக் குளோரைடு ஊக்குவதாகக் கருதப்பட்ட சில இணைப்பு வினைகளில் உண்மையில் உழைத்தது அதில் கலந்திருந்த தாமிரம் என்று 2009இல் புக்வால்டும் போல்மும் சேர்ந்து காட்டினார்கள். அந்த இரும்பு வினைகளை அறிமுகப்படுத்தியதே போல்மின் குழுதான். தன் கண்டுபிடிப்பைத் தானே குறுக்கு விசாரணை செய்யும் இந்தப் பண்பு, நல்ல வினையூக்கியைவிட அரிது. 2021இல் அமீன் ஒன்றே சுசூகி இணைப்பை ஊக்குவதாக வந்த கட்டுரை, பின்னர் திரும்பப் பெறப்பட்டது. அந்த அமீனைத் தயாரிக்கும்போது பயன்படுத்திய பல்லேடியம், தூய்மைப்படுத்தலுக்கும் தப்பி அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வினைபொருள்கள்தான் என்றில்லை. ஸ்டிர் பார் என்று நாம் சொல்லும் காந்தத் துண்டின் தேய்ந்த டெஃப்லான் பரப்பில் பழைய வினைகளின் உலோகம் தங்கி, அடுத்த குடுவையில் வேலை செய்யக்கூடும் என்று 2019இல் அனனிகோவ் குழு காட்டியது.

நானோ பொருள்களில் சிக்கல் வேறு விதம். உலோகம் எது என்பது தெரிந்தாலும், அது எந்த வடிவில் வேலை செய்கிறது என்பது தெரியாது. தாங்கியின் மேல் அமர்ந்த பல்லேடியம் துகள்களிலிருந்து அணுக்கள் கரைசலுக்குள் இறங்கி, அங்கே வினையை நடத்திவிட்டு, வினைபடுபொருள் தீர்ந்ததும் மீண்டும் தாங்கியில் படிந்துவிடலாம். வினை முடிந்து ஆறிய பின் வடிகட்டி, கரைசலில் உலோகம் இல்லை என்று காட்டுவது இங்கே எதையும் நிரூபிக்காது. பாதி வினையில், சூடு குறையாமல் வடிகட்ட வேண்டும். எதிர்த்திசையிலும் இதே கதை உண்டு. கரையும் அணைவுச் சேர்மம் என்று நாம் எடையிட்டுச் சேர்ப்பது, ஒடுக்கும் சூழலில் ஈனியை இழந்து நானோ துகளாகி, அந்தத் துகளே ஊக்கியாகலாம். வினை தொடங்கத் தாமதமாவது அதற்கு ஓர் அறிகுறி. ஐந்து முறை மறுபயன்பாடு, ஒவ்வொரு முறையும் 95 சதவீதம் என்ற பட்டை வரைபடத்தையும் இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடியும் வினையை ஆறு மணி நேரம் ஓடவிட்டால், ஊக்கியின் திறனில் பெரும்பகுதி அழிந்த பிறகும் பட்டையின் உயரம் குறையாது. விளைச்சல் 20, 30 சதவீதத்தில் இருக்கும்போது வேகத்தை ஒப்பிட்டால்தான் தேய்மானம் கண்ணில் படும்.

விளைபொருள் கிடைத்துவிட்டது, எந்த அணு செய்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. வேறொரு புட்டியில் அதே வினை படுத்துவிடும்போது அந்தக் கேள்வி கேட்டவரிடமே திரும்பி வரும். மருந்துத் துறையில் விஷயம் இன்னும் கடுமை. வாய்வழி மருந்துகளில் பல்லேடியம் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு ஐ.சி.எச். வழிகாட்டுதல்; உலோகமே இல்லை என்று நம்பி எடுத்த முறையில் அதைத் தேட யாருக்கும் தோன்றாது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: மாசுதானே பெரிய கண்டுபிடிப்புகளைத் தந்தது? உண்மைதான். அம்மோனியாத் தொகுப்புக்கு மிட்டாஷ் 1909இல் சோதித்த இரும்புகளில் ஸ்வீடனின் காலிவாரே மேக்னடைட் மட்டும் தனித்து நின்றது அதன் மாசுகளால். எத்திலீனை நீள் சங்கிலியாக்க முயன்ற சீக்ளருக்கு பியூட்டீன் கிடைத்தது கலனில் இருந்த நிக்கல் சுவட்டால். ஆனால் இருவரும் அங்கே நின்றுவிடவில்லை. மிட்டாஷ் குழு தூய இரும்பில் அலுமினாவையும் காரங்களையும் வேண்டுமென்றே சேர்த்து ஆயிரக்கணக்கில் சோதித்தது. சீக்ளர் குழு நிக்கலை அடையாளம் கண்ட பிறகு மற்ற உலோகங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து 1953இல் டைட்டானியத்தில் பாலிஎத்திலீனை அடைந்தது. பயன் தந்தது, மாசைத் தேடிப் போன அந்த உழைப்பு.

சோதனைகளே நம்பத்தக்கவை அல்லவே என்பது மூன்றாவது மறுப்பு. பாதரசச் சொட்டுச் சோதனையைப் பொறுத்தவரை அது சரி. உலோகத் துகளை மட்டும் நஞ்சாக்கும் என்று நம்பப்பட்ட பாதரசம், கரைந்திருக்கும் பல்லேடியம் அணைவுகளையும் தாக்குகிறது. எனவே தனியாக எந்தச் சோதனையும் தீர்ப்பாகாது. இரண்டு மூன்று சேர்ந்து ஒரே பக்கம் சாய வேண்டும். எங்கள் கல்லூரியில் ஐ.சி.பி.-எம்.எஸ். கருவிக்கு எங்கே போவது என்ற குரலில் நியாயம் இருக்கிறது. பொதுப் பகுப்பாய்வு மையங்களுக்கு அனுப்பலாம், வரிசையில் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் முதற்கட்டச் சோதனைகள் பலவற்றுக்குக் கருவியே வேண்டாம். புதுக் குடுவை, புது ஸ்டிர் பார்; அதே உப்பை வேறு நிறுவனத்திடம் வாங்கி ஒருமுறை; ஊக்கி சேர்க்காமல் ஒருமுறை; ஊக்கிக்குப் பதிலாக, பத்து லட்சத்தில் சில பங்கு பல்லேடியமோ தாமிரமோ சேர்த்து ஒருமுறை. கடைசிச் சோதனையில் விளைச்சல் எகிறினால் அதன் பிறகு ஐ.சி.பி. செலவைத் தள்ளிப்போட முடியாது.

வரும் இதழிலிருந்து இவற்றின் முடிவுகளைத் துணைத் தரவில் கேட்போம். தன் நிக்கல் வினையை உண்மையில் பல்லேடியம் நடத்தியது என்று கண்டறிந்து எழுதும் ஆய்வாளருக்கும் இடம் உண்டு. அதைத் திருத்தக் குறிப்பாகக் கடைசிப் பக்கத்தில் ஒதுக்கப்போவதில்லை. முதல் அறிவிப்பு வெளிவந்த அதே பகுதியில், முழுக் கட்டுரையாக வெளியிடுவோம்.